நைரோபி ரயில்வே மியூசியம்: இரண்டு தடவை போய்விட்டேன்

மகன் வேலை பார்க்கிற ஊர் நைரோபி. அங்கே தங்கியிருந்த மூன்று வாரத்தில் ரயில்வே மியூசியத்துக்கு இரண்டு தடவை போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு வேறு எங்கே போகத் தோன்றும்?

வெட்டவெளியில் நிற்கிறது 5918, ‘மவுண்ட் கெலாய்’. மான்செஸ்டரில் பேயர் பீகாக் கம்பெனி செய்த ‘காரட்’ வகை நீராவி இன்ஜின், 252 டன். நடுவில் ஒரே பாய்லர். முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரக் கூட்டம், வளைவில் அதது தன் போக்கில் திரும்பும். நம்மூரில் பாசஞ்சர் ரயில் இழுத்த ஒய்.பி. நீராவி இன்ஜினை இழுக்கிற சக்கரம் மூன்று ஜோடி. இதற்கு எட்டு! அத்தனை கனமும் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தின் மேல். நம்மூர் மீட்டர் கேஜேதான். கனெக்டிங் ராடில் கை வைத்தபோது பழைய ஷெட் வாசனையே வந்த மாதிரி இருந்தது.

இந்தியாவிலிருந்து கேஜ் மட்டுமா போனது? 1896இல் கடற்கரை ஊரான மொம்பாசாவில் பிரிட்டிஷார் தொடங்கிய ரயில் பாதை 1901இல் விக்டோரியா ஏரிக்கரையைத் தொட்டது. சுமார் 580 மைல். அதற்காகக் கப்பலேற்றப்பட்ட இந்தியக் கூலிகள் கிட்டத்தட்ட 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏறக்குறைய 2,500 பேர் செத்துப்போனார்கள். ராத்திரி படுத்தபடி வகுத்துப் பார்த்தேன்: மைலுக்கு நாலு பேருக்கு மேல். தூக்கம் வரவில்லை.

மறுபடி போனது ஒரு பழைய ரயில் பெட்டிக்காக. 1900 ஜூனில் கிமா ஸ்டேஷனில், ஆட்கொல்லிச் சிங்கத்தைச் சுட இந்தப் பெட்டியில் காத்திருந்த போலீஸ் அதிகாரி சார்லஸ் ரயால் கண்ணயர்ந்துவிட்டார். உள்ளே புகுந்த சிங்கம் அவரைக் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியே போய்விட்டது. அவருக்குப் பெயர் இருக்கிறது, பெட்டி இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இதே பாதையில் சாவோ என்ற இடத்தில் கூடாரத்திலிருந்து சிங்கங்கள் இழுத்துப் போன கூலிகளில் ஒருவர் பெயரையாவது யாராவது சொல்வார்களா?

பாதை போன மண்ணில் வாழ்ந்த நந்தி என்ற இன மக்கள் தண்டவாளத்து போல்ட்டைக் கழற்றி ஆயுதம் செய்து எதிர்த்தார்கள். போல்ட் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது அவர்கள் மண். அவர்களுடைய தலைவர் கொய்தாலெல் அரப் சமோயியை 1905இல் சமாதானம் பேசக் கூப்பிட்டுச் சுட்டுக் கொன்றது பிரிட்டிஷ் படை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அரை நாளாவது வேண்டும். இன்ஜின்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.