ஆறு வருடம், பதினாறு பிஸ்டன், ஒரு கார்வெட்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். ஒஹையோவில் 1965 கார்வெட் ஸ்டிங் ரே கூபே, அதாவது செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், முழுக்கப் புதுப்பித்த வண்டி. "உன்கிட்டயும் அதேதானே இருக்கு, வாங்கலாமாடா?" என்றான். 327 கன அங்குல எஞ்சின், 300 குதிரைத்திறன், நாலு கியர் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். டிக்கியைத் திறக்க வெளியே கதவே கிடையாது, பெட்டியை சீட்டுக்குப் பின்னால்தான் திணிக்க வேண்டும் என்பதும் தெரியும். அதனால் நான் பேசியது பிரேக்கைப் பற்றி மட்டும். பேச ஆரம்பித்தால் நிற்காத விஷயம் அது. வண்டியும் சில நாள் அப்படித்தான்.

கார்வெட்டுக்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் வந்தது 1965-இல்தான். ஒவ்வொரு சக்கரத்திலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஒன்று, ஒரு காலிப்பருக்கு நாலு பிஸ்டன், ஆக மொத்தம் பதினாறு. நன்றாக இருக்கும் நாளில் இதைக் குறை சொல்லவே முடியாது. அறுபது வயது வண்டி என்பதே மறந்துபோகும், மிதித்த இடத்தில் நிற்கும்.

ஆனால் காலிப்பர் வார்ப்பிரும்பு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இங்கே மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள் என்பதால், நவம்பரில் உள்ளே போன வண்டி ஏப்ரலில்தான் வெளியே வரும். அந்த ஐந்து மாதமும் சும்மா நின்றே உள்ளே துருப்பிடித்து, ஆயில் கசியும். இதற்கு மருந்து, பிஸ்டன் ஓடும் துளைக்குள் ஸ்டெயின்லெஸ் உறை போடுவது. நான் வாங்கும்போதே போட்டிருந்தது. தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

இரண்டாவது வருட ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த சனிக்கிழமை. முன்னால் ஒரு மஸ்டாங் நின்றது, நானும் மிதித்தேன். பெடல் இட்லி மாவில் காலை வைத்த மாதிரி உள்ளே போனது. இரண்டாம் தரம் அடித்து மிதித்ததும்தான் பிடித்தது. பெடலை மிதித்தால் நாலு சக்கரத்துக்கும் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; இந்த வண்டியில் அது ஒற்றை அறை. ஒரு சக்கரத்தில் போனால் நாலிலும் போச்சு. எல்லா கார்வெட்டுக்கும் ரெட்டை அறை வந்தது 1967-இல்தான். அன்று வீடு வந்து சேர்ந்த கதையை என் மனைவியிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்கும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. டப்பாவில் ஆயில் அப்படியே இருந்தது. சரி, குழாய்க்குள் காற்றுதான் என்று பிளீட் செய்தோம், அதாவது காற்றை வெளியேற்றினோம். அவள் சீட்டில், நான் தரையில். "மிதி... பிடி... விடு." பெடல் கல் மாதிரி ஆனது. மூன்று வாரத்தில் மறுபடி மாவு. மறுபடி மிதி, பிடி, விடு. நாலாவது தடவை அவள் கேட்டாள்: "நிக்காத வண்டிய எதுக்குங்க ஓட்டறீங்க?"

நுணுக்கமான ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பின்பக்க வலது டிஸ்க் சுற்றும்போது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொரு பங்கு ஆட்டம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்தக் காலிப்பரில் பிஸ்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது, பேட் எப்போதும் டிஸ்க்கை உரசியே நிற்கும். டிஸ்க் ஆடினால் பிஸ்டனும் முன்னே பின்னே ஆடும். பிஸ்டனைச் சுற்றி ரப்பர் சீல் இருக்கிறதே, அது உள்ளிருந்து ஆயில் வெளியே வராமல் தடுக்கும், வெளிக்காற்று உள்ளே போவதைத் தடுக்காது. சைக்கிள் பம்பு மாதிரி வண்டி தானே காற்றை உள்ளே அடித்துக்கொள்கிறது!

ஆட்டம் எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையில் டிஸ்க்கை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியோடு சேர்த்து ரிவெட் அடித்து, இரண்டையும் ஒன்றாகவே கடைந்து அனுப்பினார்கள். என் வண்டியைப் புதுப்பித்த கடைக்காரர்கள் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, புது டிஸ்க்கைச் சும்மா மாட்டியிருக்கிறார்கள். அளந்து பார்க்கவில்லை. அதே ஆட்கள் பெயிண்டைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தார்கள், தொழிற்சாலையில்கூட அவ்வளவு பளபளப்பு கிடையாது. பழைய வண்டிப் போட்டிக்குக் கொண்டுபோனால் அதற்கே மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். பார்க்கிற இடத்தில் பட்டு, பார்க்காத இடத்தில் சாக்கு. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர்கள் கட்டிய எஞ்சின் இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட என்னை நடுரோட்டில் விடவில்லை. ஃபைபர் பாடியில் ஒரு விரிசல் இல்லை.

டிஸ்க்குக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து ஆட்டத்தை ஆயிரத்தில் இரண்டுக்குக் கொண்டுவந்தேன். சீலையும் மாற்றி, ஓ-ரிங் வகையைப் போட்டேன், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதன்பின் இரண்டு கோடை முழுக்க ஓட்டினேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும் அந்த மேடுகள் மேல் சாயங்கால வெளிச்சம் ஏறி இறங்கும். எதிரே லாரி வந்தால் அதன் நிழலும் ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே எங்கே போகிறோம் என்பதை மறந்து இரண்டு எக்ஸிட் தாண்டிப் போயிருக்கிறேன்.

நண்பனிடம் சொன்னேன்: வாங்காதே. பிடிவாதமாக வாங்கத்தான் போகிறாய் என்றால் டயல் கேஜோடு போ, நாலு டிஸ்க்கையும் அளந்த பிறகு பெயிண்டைப் பார். உன் வண்டிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பாய் என்று கேட்டான். போன கோடையில் கேட்டிருந்தால் ஒன்பது சொல்லியிருப்பேன். அவன் கேட்டது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைதான் இடது பின் சக்கரத்தின் கீழே போட்டிருந்த அட்டையில் ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஈரம் பார்த்தேன். அவசரமாகக் கழற்றும்போது ஆயில் கையோடு ஃபெண்டரைத் தொட்டுவிட்டேன் போல. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். நாஸாவ் நீலப் பெயிண்டில் என் கட்டைவிரல் அச்சு அப்படியே உப்பி நிற்கிறது. நாலு என்றேன்.