ஹாரி பாட்டரா, நீட்டாவா: முதலில் எதைக் கொடுப்பது?

பிள்ளைக்கு மாயாஜாலக் கதை வாங்கப் போனால் கை தானாக ஹாரி பாட்டர் பக்கம்தான் நீளும். அதன் முதல் பாகம் 1997இல் வந்தது. அதற்கு 14 வருடம் முன்பே, 1983இல், அமெரிக்க எழுத்தாளர் டயான் டுவேனின் ‘ஸோ யூ வாண்ட் டு பி எ விஸார்ட்’ வந்துவிட்டது. ‘யங் விஸார்ட்ஸ்’ வரிசையில் அதுதான் முதல் புத்தகம்; அதன் நாயகிதான் நீட்டா. யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்ற பேச்சே வேண்டாம். இரண்டும் வேறு வேறு ரகம்.

தொடக்கத்தில் ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்கை அடிக்க ஆளில்லை. மாடிப்படிக்குக் கீழே முடங்கிக் கிடக்கும் பையனுக்கு, அந்த இடத்தையே விலாசமாகப் போட்டுக் கடிதம் வருகிறது. பெரியப்பா பிடுங்கப் பிடுங்க இன்னும் வருகிறது. இதற்கு மேல் புத்தகத்தை மூடி வைக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

டுவேனின் நீட்டாவுக்கு 13 வயது. அடிக்க வரும் பெண்களிடமிருந்து தப்பித்து நூலகத்துக்குள் ஒளிகிறாள். என்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தகங்களின் நடுவே ‘மந்திரவாதி ஆக வேண்டுமா?’ என்று ஒன்று நிற்கிறது. யாரோ விளையாட்டுக்கு அச்சடித்தது என்றுதான் முதலில் நினைக்கிறாள்.

வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹாரி மந்திரவாதியாகவே பிறந்தவன். நீட்டாவோ, உயிர்களைக் காக்க மட்டுமே இந்தச் சக்தியைப் பயன்படுத்துவேன் என்ற உறுதிமொழியை வாசித்து, தானே சம்மதித்து உள்ளே வருகிறாள். ஹாரியின் பள்ளியில் மந்திரக்கோலைச் சரியாகச் சுழற்றி, வார்த்தையைச் சரியாக உச்சரித்தால் இறகு பறக்கும். டுவேனிடம் மரமோ காரோ, அதனிடம் பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். போடும் மந்திரத்துக்கெல்லாம் ஒரு விலையும் உண்டு. எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான்.

கதை நகரும் காரணமும் சின்னதுதான்: அந்தப் பெண்கள் பறித்துக்கொண்ட ஒரு பேனா. அதை மீட்க நீட்டாவும் கிட் என்ற பையனும் மந்திரம் போட, ஃப்ரெட் என்ற வெண்துளை வந்து சேர்கிறது (ஆமாம், எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும் கருந்துளைக்கு எதிர்ப்பதம்). அது பேனாவை விழுங்கிவிட்டு விக்கலெடுக்கிறது. அப்புறம் நியூயார்க்கின் மன்ஹாட்டன், அங்கிருந்து கார்கள் வேட்டையாடித் திரியும் இன்னொரு இருண்ட மன்ஹாட்டன். இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். நியூயார்க் தெருப் பெயர்களும் இயற்பியல் சொற்களும் சிறு பிள்ளைகளைத் திணறடிக்கும். சிரிப்பிலும் ரௌலிங் ஒரு படி மேல்.

முடிவில் டுவேன் முந்திவிடுகிறார். ஹாரியின் அணிக்குக் கடைசி நிமிடத்தில் 170 புள்ளிகள் கொட்டிப் பள்ளிக் கோப்பையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலுக்குக் கிடைக்கும் அந்தப் 10 புள்ளி மட்டும் அழகு. மற்றது கொஞ்சம் சலுகைதான். நீட்டாவுக்குக் கோப்பை கிடையாது. ஜெயித்ததற்கு ஒரு இழப்பைக் கொடுத்தே ஆக வேண்டும்.

1968இல் வந்த அர்சுலா லெ குவினின் ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’யும் போட்டியில் உண்டு. மொழி அபாரம், ஆனால் சிரிப்பே இல்லை. 12 வயது தாண்டட்டும்.

இப்போதுதான் தடித்த புத்தகம் எடுக்கப் பழகும் பிள்ளைக்கு ஹாரி; தமிழிலும் வந்திருக்கிறது. வகுப்பில் வம்பிழுக்கப்பட்டு, இடைவேளையில் நூலகத்தில் போய் உட்காரும் பிள்ளைக்கு, யோசிக்காமல் நீட்டா. டுவேன் காலத்துக்கேற்பத் திருத்திய பதிப்பையும் வெளியிட்டிருக்கிறார், அதையே வாங்குங்கள். ஃப்ரெட்டுக்கு என்ன ஆகிறது என்று மட்டும் முன்கூட்டியே உளறிவிடாதீர்கள்.