மூஸ் வேட்டைக்கு .308: பல பருவங்கள் பாவித்த பின்

நோர்வேயில் மூஸ் என்ற மிகப் பெரிய மானின் வேட்டைக்கு முதல் துவக்கு வாங்கப் போகிறவர்கள் எந்தக் கலிபர், அதாவது எந்த அளவு ரவைக்கான துவக்கு, எடுக்கலாம் என்று கேட்டால், நான் சட்டத்திலிருந்துதான் தொடங்குவேன். தெரிவில் பாதியை அதுவே முடித்துவிடும். சன்னம், அதாவது ரவையிலிருந்து பறந்துபோகும் உலோகத் துண்டு, பட்டதும் விரியும் வகையாக இருக்கவேண்டும், 9 கிராமுக்குக் குறையக்கூடாது. 9க்கும் 10க்கும் இடையில் என்றால் 100 மீற்றரில் 2700 ஜூல் சக்தி மிஞ்சியிருக்கவேண்டும். 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2200 ஜூல் போதும். வேட்டைப் பரீட்சைக்கு நான் படித்த விதி இது. வாங்கும் ஆண்டில் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 10 கிராம் கோடு என்ன செய்யும் என்பதற்கு 6.5×55ஐ எடுத்துப் பார்க்கலாம். நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலத்தில் இரண்டு படைகளுக்குமாக உருவாக்கிய ரவை. 1894இல் நோர்வே இதைக் கிராக்-யோர்கன்சன் துவக்கோடு எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் இங்கே பாதிக் குடும்பங்களில் தாத்தாவின் 6.5 ஒன்று இருக்கும். இதில் 9.1 கிராம் சன்னம் போட்டால், 2700 ஜூலைத் தொட 100 மீற்றரில் செக்கனுக்கு 770 மீற்றர் வேகம் மிஞ்சவேண்டும். குழலை விட்டுப் புறப்படும்போதே 800 சொச்சம்தான். போகிற வழியில் காற்று தின்றதுபோக அந்த வேகம் தேறாது. அதே துவக்கில் 10.1 கிராம் போட்டால் 660 போதும், தாராளமாகத் தேறும். எங்கள் குழுவில் 6.5 வைத்திருக்கும் வயதானவர்கள் எல்லோரும் மூக்கு மழுங்கிய அந்தப் பாரச் சன்னத்தைத்தான் போடுகிறார்கள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் அவர்களுக்கும் மூஸ் விழுகிறது.

நான் எடுத்தது .308 வின்செஸ்டர், 51 சென்ரிமீற்றர் குழல், பிளாஸ்டிக் பிடி. கிழக்கு நோர்வேயின் ஓஸ்தர்டாலன் பள்ளத்தாக்குப் பக்கம் எங்கள் வேட்டைக்காடு முழுக்க ஊசியிலை மரம். நாய் குரைத்துக் கிளப்பும், நாங்கள் ஆளுக்கொரு காவலிடத்தில் இருப்போம். மூஸ் தெரிவதே அநேகமாக 80 மீற்றருக்குள்தான், அதுவும் இரண்டு மரங்களுக்கு இடையில் சில செக்கன்கள். 300 மீற்றரில் எவ்வளவு தாழும் என்று மக்னம், அதாவது வெடிமருந்து கூடிய பெரிய ரவை, பாவிப்பவர்கள் காட்டும் அட்டவணைக்கு இங்கே வேலையில்லை. 11.7 கிராம் சன்னம் 100 மீற்றரில் 2800 ஜூலுக்குக் கிட்ட வைத்திருக்கும். சட்டம் கேட்பதைவிட அது நிறைய.

.30-06 என்ற ரவையைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. 1906இலிருந்து இருக்கிறது, கொஞ்சம் வேகம் கூட, கொஞ்சம் உதையும் கூட. வீட்டில் ஒன்று கிடந்தால் .308 வாங்கக் காசு செலவழிக்காதீர்கள்.

9.3×62 என்ற பெரிய ரவைதான் ஆசை காட்டும். பெர்லினில் துவக்குச் செய்த ஒட்டோ பொக் 1905இல், ஆபிரிக்காவுக்குப் போன ஜெர்மன் குடியேறிகளை மனதில் வைத்துச் செய்தது. பிறகு சுவீடன் மூஸ்காரர்களுக்குப் பிடித்துப்போனது. 18.5 கிராம் சன்னம், புறப்படும் வேகம் 720 அளவில். எங்கள் குழுத் தலைவரின் 9.3ஐ நான் பருவக்கணக்கில் இரவல் வாங்கிப் பாவித்திருக்கிறேன். காட்டில் ஒரு குறையும் சொல்லமாட்டேன்: மெதுவான பாரச் சன்னம் என்பதால் சப்பை இறைச்சி இரத்தம் கட்டிக் கெடுவது குறைவு. பிரட்டல் கறிக்கு அந்தச் சப்பைதான் எங்கள் வீட்டில் முதலில் போகும், ஆகவே இது எனக்குச் சின்ன விஷயமில்லை.

பிரச்சினை சுடுகளத்தில். பெரிய மிருக வேட்டைக்கு இங்கே ஒவ்வொரு ஆண்டும் சுடும் தேர்வு உண்டு: முதலில் 30 பயிற்சி வெடி, பிறகு 100 மீற்றரில் மான் படத்தின்மீது 5 வெடி, ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள். 9.3இல் பத்தாவது வெடிக்கு மேல் தோள் கணக்குக் கேட்கத் தொடங்கும். குழுவில் ஒருவர் .300 மக்னத்தோடு வந்தார், நல்ல பலசாலி. அவருக்குத் தெரியாமல் அறையில் வெற்றுக் கோதைப் போட்டுக் கொடுத்தோம். விசையை அழுத்தினார். வெடி இல்லை, ஆனால் குழல்முனை நாலு விரற்கடை கீழே குத்தியது. கண்ணும் மூடியிருந்தது. உதையை எதிர்பார்த்து உடம்பு தானாகச் செய்வது அது. காட்டில் அதில் ஒரு சின்னப் பங்கு குத்தினாலே மூஸின் வயிற்றில் படும், பிறகு தேடும் நாயோடு இருட்டும்வரை நடக்கவேண்டும். அலாஸ்காவின் வனவிலங்குத் துறையும் இதையேதான் சொல்கிறது: .270, .308, .30-06 ஏதாவது கையில் இருந்து, 200 யார் தூரத்தில் எட்டு அங்குல வட்டத்துக்குள் எல்லாவற்றையும் போட முடிந்தால் அங்கே வேட்டையாடலாம். அங்குள்ள மூஸ் எங்களுடையதைவிட மிகப் பெரிது.

கலிபரைவிடச் சன்னத்துக்கு நான் கூட நேரம் செலவழிப்பேன். 1946இல் ஜோன் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் .300 மக்னம், சக்திக்குக் குறைவில்லை. உடம்பில் சேறு காய்ந்து அப்பியிருந்த ஓர் ஆண் மூஸ்மீது சுட்டால், சன்னங்கள் மேலோடு சிதறின, ஆழப் போகவில்லை. திரும்பி வந்தவர் நடுவில் குறுக்குச் சுவர் வைத்த சன்னம் ஒன்றைச் செய்தார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் துளைத்துப் போகும். 1948இல் அதுவே அவருக்குத் தொழிலானது. அவர் எதிர்கொண்டது கலிபர் பிரச்சினை இல்லை. கிட்டத்தில் வேகம் கூடியதே சன்னத்தை உடைத்தது.

நான் நீண்டகாலம் போட்டது உள் ஈயத்தையும் மேல் உறையையும் பிரியாமல் ஒட்டிய வகை. ஒருமுறை தோல் உரிக்கும்போது எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. கறுத்த காளான் தலை, ஓரம் சுருண்டு, இரண்டு விலாவையும் தாண்டி வந்திருந்தது. சமையலறைத் தராசில் 10.9 கிராம். 11.7இல் அவ்வளவுதான் தொலைந்திருக்கிறது.

இருந்தும் இப்போது ஈயமில்லாத செப்புச் சன்னத்துக்கு மாறிவிட்டேன். அரைத்த இறைச்சியை வீட்டில் பிள்ளைகள் தின்கிறார்கள், ஈயத்துகள் அதில் வேண்டாம். செப்பால் மூஸ் தூரம் ஓடும் என்று களத்தில் கதைப்பார்கள். வடநாட்டு மூஸ் வேட்டைத் தரவுகளை வைத்து நோர்வே ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரை, இரண்டும் கொல்லும் திறனில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை என்றது. என் அனுபவமும் அதுதான். நெஞ்சில் நன்றாகப் பட்ட மூஸும் சிலவேளை ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும், இல்லையென்றால் ஐம்பது மீற்றர் நடந்துபோய் விழும். எந்தச் சன்னத்துக்கும் இது பொது. நிற்கிறதா, இரண்டாவது வெடியைப் போடுங்கள். செப்பு அநேகமாக மறுபக்கம் வெளியேறும், இரண்டு ஓட்டையிலும் இரத்தம் வழியும், நாய்க்கு வேலை சுலபம். ஆனால் மாறியதும் தொலைநோக்கியைத் திரும்பச் சரிக்கட்டவேண்டும். எனக்கு வெடி படும் இடம் நன்றாகவே நகர்ந்தது.

ஈயத்தைவிடச் செப்பு இலேசு, அதே எடைக்குச் சன்னம் நீளும். .308இல் 10.7 கிராம் செப்புச் சன்னம் வசதியாக அடங்கும். 6.5இல் வழக்கமாகக் கிடைக்கும் செப்பு 9 கிராமுக்குக் கீழே போய்விடுகிறது. புதிதாக வாங்குகிறவருக்கு 6.5ஐ நான் சிபாரிசு செய்யாததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

இந்தத் துவக்கில் எனக்குள்ள மனக்குறை, பிடியின் கன்னப்பகுதி தாழ்வு. தொலைநோக்கியில் கண்ணை வைக்க முகத்தைத் தூக்கவேண்டியிருக்கிறது. மெத்தை ஒன்று ஒட்டிச் சமாளிக்கிறேன். சத்தக்குறைப்பான் இங்கே ஏறக்குறைய எல்லோரும் பூட்டுவது, உதையையும் அது நன்றாகக் குறைக்கும். மழையிலோ பனியிலோ திரிந்துவிட்டு வந்தால் அன்று இரவே கழற்றிக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் நின்று குழல்முனை துருப்பிடிக்கும். பனிக்கரடி உலாவும், நோர்வேயின் வடதுருவப் பக்கத் தீவுகளான ஸ்வால்பார்ட்டில் தற்காப்புக்கு அங்குள்ள ஆளுநர் அலுவலகம் சொல்லும் குறைந்த அளவும் .308தான். ஆனால் பழுப்புக்கரடி வேட்டைக்கே போவதென்றால் நான் தலைவரின் 9.3ஐத்தான் திரும்ப இரவல் கேட்பேன்.

வாங்கும்போது சத்தக்குறைப்பான் பூட்டக் குழல்முனையில் மரை வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கொடுத்து வெட்டுவித்தால் அதற்கு வேறு காசு, பருவம் தொடங்கும் நேரத்தில் வேலைத்தலத்தில் வரிசையும் நீளம்.