ஸ்பைஸா, வெரிலாக்-ஏ-வா: பிழை வரம்பு எங்கே இருந்தால் நல்லது?

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகள் ரயில் மோட்டார் இன்வெர்ட்டரை சிமுலேட் செய்யும்போது, 'கன்வர்ஜ் ஆகவில்லை' (கணக்கு ஒரு விடையில் வந்து நிற்கவில்லை) என்ற செய்தியில் மாட்டிக்கொள்வதுண்டு. பிழை வரம்பையும், அதாவது எவ்வளவு பிழை இருந்தால் சிமுலேட்டர் விடையை ஏற்கும் என்பதையும், ஒருமுறை பாருங்கள்.

ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் இயல்பாக ரெல்டால் (மதிப்பின் விகிதமாகப் பிழை) 0.001, ஆப்ஸ்டால் (மின்னோட்டத்தில் பிழை) 1 பிகோ ஆம்பியர், விஎன்டால் (மின்னழுத்தத்தில் பிழை) 1 மைக்ரோ வோல்ட். முழு சர்க்யூட்டுக்கும் இதே அளவுதான். ஐசி-க்குள் ஓடும் சின்ன மின்னோட்டத்துக்கு இது சரி. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் இன்வெர்ட்டரில் பிகோ ஆம்பியர் வரை துல்லியம் கேட்பது வீண் வேலை. ஆப்ஸ்டாலை 1 மைக்ரோ ஆம்பியருக்குத் தளர்த்தினால் பெரும்பாலும் நிலைமை சீராகும். ஆனால் அதே சர்க்யூட்டில் நுண்ணிய சென்சார் இருந்தால், அதன் துல்லியமும் சேர்ந்தே போய்விடும்.

பாகங்களின் நடத்தையைச் சமன்பாடுகளாக எழுதும் மொழியான வெரிலாக்-ஏ-விலும் மின்னழுத்தம், மின்னோட்டத்துக்கு அதே இயல்பு மதிப்புகள்தான். வித்தியாசம், ஆப்ஸ்டால் 'நேச்சர்' (மின்னோட்டம், வெப்பநிலை போன்ற ஒவ்வொரு வகை அளவையும் விவரிக்கும் பகுதி) வரையறைக்குள் இருப்பது. வெப்பநிலைக்குத் தனியாக 0.0001 கெல்வின் உண்டு. பெரிய மின்னோட்டத்துக்கு நாமே தனி நேச்சர் எழுதலாம். ரெல்டால் மட்டும் சிமுலேட்டர் கையில்.

அவசரத்துக்கு ஸ்பைஸ் போதும். மோட்டாரின் சூடு, சுழற்சி எல்லாம் ஒரே மாடலில் வந்தால் வெரிலாக்-ஏ-வைத்தான் எடுக்கச் சொல்வேன்.