சுவர்ப்படமா, மடக்கு அட்டையா?

ஒரே அறையில் உண்டு உறங்கி, அங்கேயே பாடமும் நடத்த வேண்டிய வீட்டில், படம் பார்த்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு எதைக் காட்டுவது என்பதைவிட, எதை எப்போது மறைத்து வைப்பது என்பதே பெரிய கேள்வி. ('காட்சிவழிக் கற்பவர்' என்ற தனிப் பிரிவுக்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை, படமும் சொல்லும் சேர்ந்து வருவது பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும்.)

சுவர்ப்படம் தரையில் இடம் கேட்பதில்லை. உலக வரைபடம், வாய்ப்பாடு போல அடிக்கடி பார்க்க வேண்டியவற்றுக்கு அது பொருத்தமானது. ஆனால் சிறிய அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். கணக்குப் போடும் பிள்ளையின் கண் வரைபடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலும், அலங்காரம் மிகுந்த அறையில் கவனம் கூடுதலாகச் சிதறியது, கற்றதும் குறைந்தது.

மூன்று மடிப்பு அட்டையை மேசைமேல் நிறுத்தினால், அதுவே பாடமாகவும் பார்வைக்குத் தடுப்பாகவும் அமைகிறது. முடிந்ததும் மடித்து அலமாரி இடுக்கில் செருகிவிடலாம். நீர்ச்சுழற்சி என்றால், இடப்பக்கம் கடல், நடுவில் மேகம், வலப்பக்கம் மழை எனப் பிள்ளையே வரைந்து, பெயர்ச்சீட்டுகளை ஒட்டட்டும். மறுநாள் சீட்டுகளை உரித்துக் கையில் கொடுத்து மீண்டும் ஒட்டச் சொன்னால், எது மனத்தில் நின்றது என்பது அப்போதே தெரிந்துவிடும்; சுவர்ப்படம் அப்படிக் கேள்வி கேட்பதில்லை. மடிப்பு ஓரம் சீக்கிரம் கிழியும் என்பது உண்மைதான், துணிநாடா ஒட்டினால் தாங்கும். சுவரில் இரண்டு படங்களுக்கு மேல் வேண்டாம், மற்றவை அட்டைக்கே போகட்டும் என்பேன்.