பிக் லைனா, ஹிக்மனா, போர்ட்டா? மலையிலிருந்து கீமோவுக்கு இறங்கும் குழந்தைகளுக்கு

கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் சிகிச்சைக்குப் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். அதில் லிம்ஃபோபிளாஸ்டிக் என்ற வகைக்கு மருந்து இரண்டு, இரண்டரை ஆண்டு ஓடும். வின்கிறிஸ்டின், டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் கையில் போட்ட ஊசியிலிருந்து கசிந்தால் தசை வெந்து புண்ணாகும். அதனால்தான் இதயத்தருகே முடியும் நீண்டகாலக் குழாய். பிக் லைன், ஹிக்மன், போர்ட் என அது மூன்று வகை. எதைப் போடுவது என்பதில் நோயின் வகைக்கு இணையாகப் பார்க்க வேண்டியது, இரண்டு பயணங்களுக்கு நடுவே அதை யார் பராமரிப்பார்கள் என்பது.

பிக் லைன் மேல்கை வழியாகப் போகும். போடுவதும் எடுப்பதும் சுலபம், வைத்திருப்பதுதான் பாடு. வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றி, ஃபிளஷ் செய்ய வேண்டும், அதாவது சலைன் (உப்பு நீர்) தள்ளிக் குழாயைக் கழுவ வேண்டும். ஆடி மழையில் பிளாஸ்திரி ஓரம் ஈரத்தில் கிளம்பினால் அன்றே மாற்ற வேண்டும். ஸ்வெட்டரைக் கழற்றும்போது குழாயும் சேர்ந்து இழுபடும். சில வாரச் சிகிச்சைக்கு இது போதும். இரண்டு ஆண்டுக்குப் பொருந்தாது.

ஹிக்மன் மார்பில் தோலுக்கடியில் சிறிது தூரம் ஓடி வெளியே தொங்கும். உள்ளிருக்கும் நார்ப்பட்டையில் திசு பிடிக்க மூன்று நான்கு வாரமாகும். அதுவரை தையல்தான் தாங்கும். ஊசிக் குத்து இல்லை, இரட்டைக் குழாயும் கிடைக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு இதுவே வசதி. வெளிக்குழாய் கிழிந்தால் கிழிசலுக்கும் உடம்புக்கும் நடுவே உடனே கிளாம்ப் (கவ்வி) போட வேண்டும். பையில் ஒரு கிளாம்ப் எப்போதும் இருக்கட்டும்.

போர்ட் என்பது குழாயோடு இணைந்த, மூடியுள்ள சிறு அறை; முழுக்கத் தோலுக்கடியில் இருக்கும். மருந்தேற்ற அந்த மூடியில் ஊசி குத்துவார்கள். வைக்கவும் எடுக்கவும் மயக்க மருந்து வேண்டும், விலையும் கூடுதல். ஆனால் ஊசி இல்லாத நாட்களில் குளிக்கலாம், பள்ளிக்குப் போகலாம். தொற்றும் வெளிக்குழாய்களைவிடக் குறைவு. நீண்ட சிகிச்சைக்கு மலைக் குடும்பங்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். குத்த, துருவாத முனையுள்ள ஹியூபர் ஊசி மட்டுமே; சாதாரண ஊசி சிலிக்கோன் மூடியைத் துருவிவிடும். குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன் மரப்புக் களிம்பு தடவினால் அழுகை குறையும். பயன்படுத்தாத காலத்திலும் வழக்கமாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஃபிளஷ். ஃபிளஷுக்குப் பிறகு குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க விடும் ஹெப்பாரின் மருந்துக் குப்பி மில்லிக்கு 1000 அலகிலும் 5000 அலகிலும் வருவதால், நீர்க்காமல் தள்ளினால் ரத்தப்போக்கு ஆபத்து. எவ்வளவு நீர்ப்பது என்பதைச் சிகிச்சை மையம் எழுதித் தர வேண்டும்.

மூன்றுக்கும் 10 மில்லி சிரிஞ்ச்தான். சிறிய சிரிஞ்சில் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கலாம். சலைன் உள்ளே போகிறது, ரத்தம் மட்டும் வரவில்லை என்றால் குழாய் நுனியில் ஃபைப்ரின் (ரத்த உறைவின் நார்) படர்ந்திருக்கலாம். கையைத் தூக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் கீமோ ஏற்றக்கூடாது; அடைப்பைக் கரைக்க அல்டிபிளேஸ் என்ற மருந்து இருக்கிறது. அஸ்பாராஜினேஸ் என்ற கீமோ மருந்து நடக்கும் வாரங்களில் கையோ கழுத்தோ வீங்கினால் ரத்தக்கட்டு என்றே நினைத்து ஸ்கேன் எடுக்க வேண்டும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினாலோ, ஃபிளஷ் செய்த கொஞ்ச நேரத்தில் குளிர்நடுக்கம் வந்தாலோ நேரே கோவைக்குக் கிளம்பாதீர்கள். குன்னூரிலிருந்து இறங்கும் பர்லியாறு மலைப்பாதையில் மண் சரிந்தால் மணிக்கணக்கில் நிற்க நேரும். அருகிலுள்ள பெரிய மருத்துவமனையில் குழாயிலிருந்து ரத்தக் கல்ச்சர் (கிருமிச் சோதனை) எடுத்து, போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏற்றிய பிறகே இறங்குங்கள். குழாயின் வகை, அளவு, போட்ட தேதி, சிகிச்சை மையத்தின் போன் எண் எழுதிய கடிதம் கையில் இருந்தால் இரவுப் பணி டாக்டர் தயங்க மாட்டார்.