ட்ரோவ்: காசில்லாமல் ஓஷன் தீவுக்கு ஒரு பயணம்

காசு கேட்காத சேவையை விமர்சிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பத்திரிகைகளையும் படங்களையும் இணையத்தில் தேடிப் பார்க்கத் தரும் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் என் மாலை நேரங்கள் கரைந்திருக்கிற கணக்குக்கு, நாலு வார்த்தை எழுதாவிட்டால் தப்பு.

நான் தேடிப் போனது கிரிம்பிள் குடும்பத்தை. 1914இல் ஆர்தர் கிரிம்பிள் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, மனைவி ஒலிவியாவோடு பசிபிக்கில் உள்ள ஓஷன் தீவில் வந்து இறங்கினார். அங்கத்து மக்களுக்கு அது பனாபா. பரப்பு ஏறக்குறைய 6 சதுர கிலோமீட்டர். நிலமெல்லாம் உரத்துக்கு உதவும் பாஸ்பேட். 1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் அதைக் கண்டுபிடித்து, ஆண்டுக்கு 50 பவுண்டு அல்லது அந்த மதிப்புக்குச் சரக்கு என்று, அதை வெட்டி எடுக்கத் தீவு மக்களோடு 999 ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டார். 999! அந்தக் காகிதத்தை நீட்டும்போது கை கூசவில்லையா என்று இப்போதும் தோன்றுகிறது.

தேடும்போது ஒரு விஷயம். பனாபா என்று அடித்தால் பழைய பத்திரிகைகளில் அதிகம் சிக்காது. ஓஷன் ஐலண்ட் என்றுதான் அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் ஹவாய்ப் பக்கம் அதே பெயரில் அழைக்கப்பட்ட குரே பவளத்தீவும் வந்து குறுக்கே நிற்கும். கூடவே பாஸ்பேட் என்று சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.

செய்தியைத் திறந்தால் ஒரு பக்கம் பத்திரிகையின் படம், இன்னொரு பக்கம் இயந்திரம் படித்துக் கொடுத்த எழுத்து. மங்கிய அச்சில் இயந்திரம் தடுமாறும். அந்த வரியை நாமே திருத்திச் சேமிக்கலாம், நம் திருத்தம் எல்லாருக்கும் போய்ச் சேரும். இதுதான் ட்ரோவின் உயிர்நாடி. ஒரு வரி திருத்த உட்கார்ந்தால் ஒரு பத்தி முடிந்துதான் எழுந்திருப்பீர்கள். 2023இல் நிதி இல்லாமல் தளம் நின்றுவிடுமோ என்ற பேச்சு வந்தபோது அத்தனை பேர் குரல் கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஓஷன் தீவு பற்றி இவ்வளவு கிடைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து சுரங்கத்தை வாங்கின; அந்தப் பாஸ்பேட் ஆஸ்திரேலியக் கோதுமை வயலுக்கு உரமாகப் போயிற்று. தங்கள் வயலுக்கு உரம் எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஊர்ப் பத்திரிகைகளுக்குச் செய்திதானே.

படங்களில் தாமஸ் மக்மஹோன் எடுத்தவற்றைத் தவறவிடாதீர்கள். முதல் உலகப் போர்க்காலத்தை ஒட்டி நவூருவிலும் ஓஷன் தீவிலும் எடுத்தவை. பெரிதாக்கிப் பார்த்தால், மண்ணைச் சுரண்டி எடுத்த இடத்தில் சொத்தைப் பற்கள் மாதிரி பாறைத் தூண்கள் மட்டும் நிற்பது தெரியும். அங்கே இனி தென்னை எங்கே நடுவது?

குறை என்னவென்றால், இந்தப் பக்கங்களில் தீவை நாம் அதிகாரி வீட்டு வராந்தாவிலிருந்துதான் பார்க்கிறோம். கப்பல் வந்தது, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. பாங்கபாங்கா என்ற நிலத்தடிக் குகைகளுக்குள் இறங்கித் தண்ணீர் சுமந்து வந்த பனாபா பெண்களைப் பற்றி நான் புரட்டியவரை ஒரு வரி இல்லை. அந்தக் குகைகளுக்குள் போகும் உரிமை பெண்களுக்கு மட்டும்தான்! அதே கிரிம்பிள் 1928இல் பனாபாவின் புவாகோனிகாய் ஊர்க்காரர்களுக்கு, சுரங்கத்துக்கு நிலம் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டாலும் நிலம் பறிபோகும், ஊரும் மிஞ்சாது என்கிற தொனியில் கடிதம் எழுதினார். அன்பான குடும்பத்தலைவர் என்று நான் நினைத்து வைத்திருந்தவர்! அந்தக் கடிதம் ஊரறிய வந்தது 1970களில், பனாபா மக்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தபோது.

இது தளத்தின் குற்றம் இல்லை, பத்திரிகைகளின் குற்றம். ஆனால் இன்னொன்று கவனியுங்கள்: நாளிதழ்கள் பெரும்பாலும் 1954வரைதான் உண்டு. பனாபா மக்களை 1945இல் ஃபிஜியின் ராம்பி தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், சுரங்கம் 1979வரை ஓடியது. அந்தப் பிற்பாதிக்கு நாளிதழ்களை விட்டுவிட்டு இதழ்கள் பிரிவுக்குப் போங்கள். பசிபிக் ஐலண்ட்ஸ் மந்த்லி 1930இலிருந்து 2000வரை அங்கே இருக்கிறது, வழக்குச் செய்திகள் உட்பட. படிக்கக் கணக்கு தொடங்கத் தேவையில்லை. தேடியதைப் பட்டியலாகச் சேர்த்து வைக்க மட்டும் ஒன்று வேண்டும்.

ஐந்துக்கு நாலரை.